வந்த இன்ஜினும் போகவிருந்த அச்சும்

ஒரு பொருள் ஆண்டுக்காண்டு மேம்பட்டுக்கொண்டே வருகிறது என்று நம்பும் தொழில்துறைச் சமூகத்தில், அதன் மிகச் சிறந்த ஆண்டு எது என்ற கேள்விக்கு இடமே இருக்கக் கூடாது. கடைசியாக வந்ததே சிறந்தது என்ற விடையோடு பேச்சு முடிந்துவிட வேண்டும். ஆனால் அமெரிக்காவில் 1979 முதல் 1995 வரை விற்பனையான டொயோட்டாவின் சிறிய நான்கு சக்கர இயக்க பிக்கப் வண்டியைப் பொறுத்தவரை, அதை வைத்திருப்பவர்களும் பழுதுபார்ப்பவர்களும் வாங்கத் தேடுபவர்களும் இந்தக் கேள்வியை விடாமல் கேட்டுவருகிறார்கள். அவர்களில் மிகப் பலருடைய விடை அந்த நீண்ட வரிசையின் முற்பாதியில், 1985 என்ற ஏழாம் ஆண்டில் போய் நிற்கிறது. இந்த விடை ஏன் இவ்வளவு உறுதியோடு சொல்லப்படுகிறது, யாருக்குப் பொருந்துகிறது, எங்கே பொருந்தாமல் போகிறது என்று ஆராயப் புகுந்தால், முன்னேற்றம் என்று வழங்கப்படுவது பட்டறைத் தளத்தில் எப்படி நிகழ்கிறது என்பதும் சேர்ந்தே தெரியவருகிறது.

முன்னால் ஓட்டுநர் அறையும் பின்னால் திறந்த சரக்குப் பெட்டியும் கொண்ட சிறு வண்டியே பிக்கப் எனப்படுகிறது. உலகின் பிற பகுதிகளில் ஹைலக்ஸ் என்று அறியப்படும் இந்த டொயோட்டா வண்டி 1968இல் ஜப்பானின் ஹமுராவிலுள்ள ஹினோ தொழிற்சாலையில் உற்பத்தியாகத் தொடங்கியது. அமெரிக்கச் சந்தையில் எழுபதுகளின் நடுவில் அப்பெயர் கைவிடப்பட்டு, டொயோட்டா பிக்கப் என்ற பொதுப்பெயரிலேயே அது விற்கப்பட்டது. இன்ஜினின் விசையைப் பின்சக்கரங்களுக்கு மட்டுமின்றி முன்சக்கரங்களுக்கும் கொண்டுசெல்லும் வகை அங்கே 1979இல் வந்தது. ஈரானியப் புரட்சியை அடுத்து இரண்டாம் எண்ணெய் நெருக்கடி மூண்ட ஆண்டும் அதுவேயாதலால், எட்டு சிலிண்டர் கொண்ட உள்நாட்டு வண்டிகளின் பெட்ரோல் செலவைத் தாங்க முடியாத சிறு விவசாயிகளும் கட்டட வேலைக்காரர்களும் மலைப்பாதை விரும்பிகளும் நான்கு சிலிண்டர் கொண்ட இந்தச் சிறு வண்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் காலத்துச் சாலைகளும் சட்டங்களும் அதன் உடம்பில் பதிந்திருக்கின்றன என்பது பின்னால் வரும்.

மாடல் ஆண்டு என்ற கருத்துக்கே ஒரு வரலாறு உண்டு. வண்டியை ஆண்டுதோறும் ஓரளவு மாற்றி, சென்ற ஆண்டு வண்டியைப் பழையதாகத் தோன்றச் செய்யும் விற்பனை முறையை ஆல்ஃபிரட் ஸ்லோனின் தலைமையில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1920களில் நிலைநிறுத்தியது. அமெரிக்காவில் மாடல் ஆண்டு நாட்காட்டி ஆண்டோடு ஒத்துப்போவதில்லை. முந்தைய ஆண்டின் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களிலேயே அடுத்த மாடல் உற்பத்திக்கு வந்துவிடும். ஆகவே 1984 அக்டோபரில் ஜப்பானில் தயாரான வண்டி அமெரிக்கப் பதிவில் 1985 மாடலாக இருக்கக்கூடும். 1981 முதல் ஒவ்வொரு வண்டிக்கும் பதினேழு எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளக் குறியீடு கட்டாயமானது. அதன் பத்தாம் இடத்தில் இ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் 1984, எஃப் இருந்தால் 1985, ஜி இருந்தால் 1986. பழைய டொயோட்டாவைத் தேடுபவர் கதவோரத் தகட்டில் முதலில் பார்ப்பது இந்த ஓர் எழுத்தைத்தான்.

எஃப் என்ற எழுத்துக்கு இவ்வளவு மதிப்பு வந்ததற்கு முதற்காரணம் வண்டியின் அடியில், முன்சக்கரங்களுக்கிடையே இருக்கிறது. 1979 முதல் 1985 வரையிலான நான்கு சக்கர இயக்க வண்டிகளில் இரண்டு முன்சக்கரங்களும் ஒரே இரும்புக் கூட்டின் இரு முனைகளில் பொருத்தப்பட்டிருந்தன. சாலிட் ஆக்ஸில் எனப்படும் இந்த முழு அச்சு, தமிழகப் பட்டறைகளில் கமான் பட்டை என்று வழங்கும் அடுக்கு எஃகுப் பட்டைகளின்மேல் வண்டியின் சேஸிஸைத் தாங்கி நிற்கும். அச்சின் நடுவே புடைத்திருக்கும் உருண்டைப் பகுதிக்குள் டிஃபரன்ஷியல் இருக்கிறது. வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் கூடுதலாகவும் உட்சக்கரம் குறைவாகவும் சுழல வழிசெய்யும் பற்சக்கரத் தொகுதி அது. 1986 மாடலில் இந்த ஏற்பாடு போயிற்று. டிஃபரன்ஷியல் சேஸிஸோடு இறுக்கப்பட்டது. ஒவ்வொரு முன்சக்கரமும் தனக்கென்று உள்ள கைகளில் தனியே ஏறி இறங்கியது. கமான் பட்டைகளுக்குப் பதிலாக, முறுக்கப்படுவதை எதிர்த்து வில்லாக வேலை செய்யும் டார்ஷன் பார் என்ற நீண்ட எஃகுத் தண்டுகள் வந்தன. இதைத் தனித்தியங்கும் முன் சஸ்பென்ஷன் என்பார்கள்.

தார்ச்சாலையில் ஓடும் வண்டிக்கு இந்த மாற்றம் ஐயத்துக்கிடமில்லாத நன்மை. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அந்த அதிர்ச்சி மறுசக்கரத்துக்குப் போவதில்லை, ஸ்டியரிங் கையை உதறுவதில்லை, வேகமாகப் போகும்போது முன்பக்கம் துள்ளுவதில்லை. ஆனால் பாறைகளுக்கிடையே நடை வேகத்தில் ஊர்ந்து செல்லும் வண்டிக்குக் கணக்கு வேறு. முழு அச்சில், காவடித் தண்டின் ஒரு முனை உயர மறுமுனை தாழ்வதைப் போல, ஒரு சக்கரம் பாறைமேல் ஏறும்போது அச்சு மறுசக்கரத்தைத் தரையை நோக்கி அழுத்துகிறது. அதனால் நான்கு சக்கரங்களும் மண்ணைப் பற்றியபடி இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அதைவிடப் பெரிய நன்மை, டிஃபரன்ஷியலுக்கும் தரைக்கும் இடையிலுள்ள உயரத்தில் இருக்கிறது. முழு அச்சில் அந்த உயரத்தைத் தீர்மானிப்பது டயரின் அளவு மட்டுமே. வில் எவ்வளவு அமுங்கினாலும் அது குறையாது. தனித்தியங்கும் அமைப்பிலோ டிஃபரன்ஷியல் சேஸிஸோடு பிணைந்திருப்பதால், வண்டி அமுங்கும் கணத்தில், அதாவது உயரம் மிகத் தேவைப்படும் அதே கணத்தில், அது பாறையை நோக்கி இறங்குகிறது. முழு அச்சுக்காக வாதிடுபவர்களிடம் பழமைப் பற்று இருக்கலாம். ஆனால் அவர்களுடைய வாதம் பழமையைச் சார்ந்ததன்று, வடிவியலைச் சார்ந்தது.

டொயோட்டாவின் முழு அச்சுக்கு வேறு சில குணங்களும் உண்டு. முன் டிஃபரன்ஷியலும் பின் டிஃபரன்ஷியலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் கிரவுன் பற்சக்கரத்தின் விட்டம் எட்டு அங்குலம். தொகுதி முழுவதையும் போல்ட்டுகளைக் கழற்றி வெளியே எடுத்து மேசைமேல் வைத்து வேலை பார்க்கலாம். கியர்பாக்ஸுக்குப் பின்னால் அமர்ந்து விசையை முன்னும் பின்னுமாகப் பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸ் சங்கிலி இல்லாமல் முழுக்கப் பற்சக்கரங்களால் இயங்குவது. மெதுவான ஏற்றத்துக்கென அது தரும் குறைவேக விகிதம் 2.28க்கு ஒன்று. இந்த விகிதத்தைத் தரும் முன்பகுதி தனியே பிரிந்து வருவதால், இன்னொரு வண்டியிலிருந்து அதே பகுதியைக் கொண்டுவந்து முன்னால் சேர்த்து, வேகத்தை இருமுறை குறைக்கும் வேலையை உரிமையாளர்கள் செய்துகொள்கிறார்கள். வடிவமைத்தவர்கள் நினைத்துப் பார்த்திராத பயன்பாடு இது. பாகங்களைப் பிரிக்கத்தக்கவையாகச் செய்ததால் வாய்த்தது.

குறை இல்லாமலில்லை. திரும்பும் சக்கரத்துக்கும் விசை போக வேண்டுமென்பதால், அச்சின் இரு முனைகளிலும் ஓர் இரும்புக் கோளத்துக்குள் பிர்ஃபீல்ட் என்ற மூட்டு வைக்கப்பட்டிருக்கிறது. எந்தக் கோணத்தில் வளைந்தாலும் சுழற்சி வேகம் மாறாமல் கடத்தும் குண்டு மூட்டு அது. பெரிய டயர்களைப் பூட்டி, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிய நிலையில் விசையை அழுத்தினால் அது உடையும். கோளத்தைத் துடைக்கும் வளையம் தேய்ந்தால் கிரீஸ் வெளியே கசியும், சேறு உள்ளே புகும். சில ஆண்டுகளுக்கொருமுறை முழுவதையும் பிரித்து, கழுவி, பேரிங் மாற்றி, கிரீஸ் அடைத்து மூட வேண்டும். அழுக்கான, நேரம் பிடிக்கும் வேலை. ஆனாலும் வீட்டு வாசலில், சாதாரணக் கருவிகளோடு, பொறுமையுள்ள எவரும் செய்து முடிக்கக்கூடிய வேலை.

இரண்டாவது காரணம் இன்ஜின். 1979, 1980 மாடல்களில் 20ஆர் என்ற 2189 கன சென்டிமீட்டர் இன்ஜின் இருந்தது. 1981இல் சிலிண்டர் விட்டம் 92 மில்லிமீட்டராக்கப்பட்டு 2366 கன சென்டிமீட்டர் கொண்ட 22ஆர் வந்தது. வார்ப்பிரும்பு உடல், அலுமினியத் தலை, மேலே ஒற்றைக் கேம் ஷாஃப்ட் என்ற எளிய அமைப்பு. ஏறத்தாழ 100 குதிரைத்திறன். நீண்ட உழைப்புக்குப் பெயர்பெற்ற இந்த இன்ஜினுக்கு ஒரு பெரும் சுமை கார்புரேட்டர். காற்றின் ஓட்டத்தாலேயே பெட்ரோலை உறிஞ்சிக் கலக்கும் கார்புரேட்டரில், மிதவை ஒன்று பெட்ரோலின் மட்டத்தைக் காத்துக்கொண்டிருக்கும். வண்டி செங்குத்தான ஏற்றத்திலோ பக்கவாட்டுச் சரிவிலோ நிற்கும்போது அந்த மட்டம் சாய்ந்து, பெட்ரோல் வழிந்தோ வற்றியோ இன்ஜின் நின்றுவிடும். எந்த இடத்தில் இன்ஜின் நிற்கவே கூடாதோ அந்த இடத்தில் அது நிற்கும் என்பது மலைப்பாதை வண்டிக்குச் சிறு குறையன்று. 22ஆர்இ என்ற வகையில் இந்த வேலையை மின்னணு எரிபொருள் தெளிப்பு ஏற்றது: உள்ளே வரும் காற்றின் அளவை ஒரு மடிப்புக் கதவு உணர்ந்து சொல்ல, சிறு கணினி ஒன்று ஒவ்வொரு சிலிண்டருக்குமான பெட்ரோலை அளந்து தெளிக்கச் செய்கிறது. சரிவு அதற்கு ஒரு பொருட்டில்லை. குளிர்காலைத் தயக்கமும் மலையுயரத்தில் மூச்சு முட்டலும் பெரிதும் குறைந்தன. ஆற்றல் ஏறத்தாழ 116 குதிரைத்திறனாகியது.

அமெரிக்கச் சந்தையில் எரிபொருள் தெளிப்பு இந்த வண்டியில் பரவலாக வந்த மாடல் ஆண்டும், முழு அச்சு கடைசியாக இருந்த மாடல் ஆண்டும் 1985. விடையின் சாரம் இதுதான். இதில் கவனிக்க வேண்டியது, இந்தச் சேர்க்கையை எவரும் திட்டமிட்டு உருவாக்கவில்லை என்பது. எரிபொருள் தெளிப்பை முன்னோக்கித் தள்ளியவற்றில் முதன்மையானவை 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்துக்குப் பின் இறுகிக்கொண்டே வந்த புகை விதிகள். அச்சை வெளியே தள்ளியது, சரக்கு வண்டியைக் குடும்ப வண்டியாக ஓட்டத் தொடங்கிய வாங்குவோரின் சொகுசு விருப்பமும் போட்டிக் கம்பெனிகளின் நெருக்குதலும். நிஸான் 720, செவ்ரோலே எஸ்-10 ஆகியவற்றின் நான்கு சக்கர இயக்க வகைகள் ஏற்கெனவே தனித்தியங்கும் முன் சஸ்பென்ஷனோடு விற்றுக்கொண்டிருந்தன. அந்த வரிசையில் டொயோட்டா பின்தங்கிப் போய்ச் சேர்ந்தது. தம்முள் தொடர்பற்ற இரண்டு நெருக்கடிகள் ஓராண்டு முன்பின்னாக விளைவு காட்டியதால், இடையில் ஒரு வண்டி அகப்பட்டுக்கொண்டது. தயாரித்தவர்களுக்கு அது கடந்துபோக வேண்டிய ஓராண்டு. பின்வந்தவர்களுக்கு அதுவே உச்சம். முன்னேற்றத்தை ஒற்றைப் படிக்கட்டாகக் காண்பவர்களுக்கு இது புதிராகத் தோன்றலாம். ஒரு வண்டியின் ஒவ்வொரு பாகமும் தனித்தனிக் காரணத்துக்காகத் தனித்தனி வேகத்தில் மாறுகிறது என்று கண்டவர்களுக்கு இதில் புதிர் இல்லை.

1985 கோடையில் வெளியான ராபர்ட் ஜெமெக்கிஸின் ‘பேக் டு த ஃபியூச்சர்’ திரைப்படத்தில் கதாநாயக இளைஞன் ஆசைப்படும் கறுப்பு வண்டி இதே ஆண்டின் எஸ்ஆர்5 வகையாக இருந்தது அந்த ஆண்டின் விலையை உயர்த்தியது. தரத்தோடு அதற்குத் தொடர்பில்லை.

ஆனால் எஃப் என்ற எழுத்தைக் கண்டதும் கையொப்பமிடுவது அறிவுடைமையாகாது. 1985இலும் விலை குறைந்த வகைகளில் கார்புரேட்டர் கொண்ட 22ஆர் தொடர்ந்தது. அப்படிப்பட்ட வண்டி 1984 வண்டியைவிட எவ்வகையிலும் மேலானதன்று. எரிபொருள் தெளிப்பு உள்ளதா என்பதை இன்ஜின் மூடியைத் திறந்து பார்த்தே உறுதிசெய்ய வேண்டும். இன்னொன்று, இந்தப் புகழ்பெற்ற இன்ஜினுக்குள்ளேயே ஒரு பின்னடைவு ஒளிந்திருக்கிறது. கீழே சுழலும் கிராங்க் ஷாஃப்டின் அசைவை மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டுக்குக் கடத்துவது டைமிங் செயின் என்ற சங்கிலி. 1982 வரை இரட்டை வரிசைச் சங்கிலி இருந்தது. 1983 முதல் அது ஒற்றை வரிசையாகி, சங்கிலி ஆடாமல் பிடிக்கும் தாங்கிகள் பிளாஸ்டிக்காயின. எடையும் உராய்வும் குறைந்தன என்பது உண்மை. ஆண்டுகள் போனபின் அந்தப் பிளாஸ்டிக் நொறுங்குகிறது. தளர்ந்த சங்கிலி முன்மூடியின் உட்சுவரை உரசிக்கொண்டே இருந்து, ஒருநாள் அதைத் துளைத்து, ரேடியேட்டர் நீரை இன்ஜின் ஆயிலோடு கலந்துவிடுகிறது. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பியதும் முன்பக்கத்தில் சில நொடிகள் கேட்கும் கடகடப்பு அதன் முன்னறிவிப்பு. எவ்வளவு நல்ல 1985 வண்டியையும் வாங்கிய கையோடு இரும்பு முதுகுள்ள தாங்கிகளைப் போட்டுக்கொள்வது செலவல்ல, காப்பு.

இதனால் இந்த வரிசையில் இன்னோர் உச்சமும் உண்டு என்று கருத இடமிருக்கிறது. 1981, 1982 மாடல்களில் பெரிய 22ஆர் இன்ஜினும் இரட்டை வரிசைச் சங்கிலியும் முழு அச்சும் ஒருங்கே அமைந்தன. உயர்ந்த உடல் கொண்ட இந்தத் தொடக்கக் கால 22ஆரில் பழைய 20ஆரின் தலையைக் கழற்றிப் பொருத்த முடியும். காற்று தாராளமாகப் போகும் வழிகள் கொண்ட அந்தத் தலை ஆற்றலைக் கூட்டும். 1985இல் இன்ஜின் உடலின் உயரம் குறைக்கப்பட்டபின் இந்த வாய்ப்பு அடைபட்டது. எளிமையை முதன்மையாகக் கருதுபவர்கள், கணினியோ உணரிகளோ இல்லாத இந்த ஆண்டுகளையே உயர்த்திப் பேசுகிறார்கள். அவர்களுடைய வாதத்தில் பாதி ஏற்கத்தக்கது: காற்றின் அளவை உணரும் கருவி போன்ற மின்னணுப் பாகங்கள் பழுதானால் வாசலில் உட்கார்ந்து சரிசெய்ய முடியாது. மறுபாதி ஏற்கத்தக்கதன்று. புகை விதிகளை நிறைவேற்றுவதற்காகக் கார்புரேட்டரைச் சுற்றிப் பின்னப்பட்ட வெற்றிடக் குழாய்களின் வலை, அதை ஒருமுறை பார்த்தவர் எளிமை என்ற சொல்லை மறுபடி பயன்படுத்தத் தயங்கும் அளவுக்குச் சிக்கலானது. நாற்பது ஆண்டு வெப்பத்தில் அந்த ரப்பர்க் குழாய்கள் வெடித்திருக்கும், எது எங்கிருந்து வந்தது என்ற தடமும் பல வண்டிகளில் அழிந்திருக்கும். 22ஆர்இ அந்த வலையைப் பெருமளவு குறைத்தது. கணினி வந்ததால் வண்டி சிக்கலாகிவிட்டது என்ற பொதுவான புலம்பல் இங்கே உண்மைக்கு நேர்மாறு.

கலிஃபோர்னியாவில் இந்தக் கேள்விக்குச் சட்டமும் விடை சொல்கிறது. அங்கே 1975ஆம் ஆண்டு வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்கே புகைச் சோதனையிலிருந்து விலக்கு. ஆகவே இந்த வரிசை முழுவதும் சோதனைக்கு உட்பட்டது. அந்த மாடலோடு வந்த கட்டுப்பாட்டுக் கருவிகள் அனைத்தும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். இன்ஜினை மாற்றுவதானால் அதே ஆண்டின் அல்லது அதற்குப் பிந்தைய இன்ஜினைத்தான் போடலாம். முந்தைய உரிமையாளர் சலிப்புற்றுக் குழாய்களைப் பிடுங்கி எறிந்து அனுமதி பெறாத கார்புரேட்டரைப் பூட்டியிருந்தால், அருமையாக ஓடும் 1982 வண்டிகூட அங்கே சாலையில் ஓட உரிமையற்றது.

சாலையும் ஒரு சாட்சி. 1974 முதல் 1987 வரை அமெரிக்கா முழுவதும் வேக உச்சவரம்பு மணிக்கு 55 மைல், அதாவது ஏறத்தாழ 88 கிலோமீட்டர். முழு அச்சு கொண்ட ஏழு மாடல் ஆண்டுகளும் அந்தச் சட்டத்தின் காலத்துக்குள்ளேயே பிறந்தவை. அவற்றின் ஆற்றலும் பற்சக்கர விகிதங்களும் கமான் பட்டைகளின் விறைப்பும் அந்த வேகத்தில் ஒன்றுக்கொன்று இசைவாக இருந்தன. அந்த வேகத்தில் அவற்றைக் குறைசொல்ல அதிகம் இல்லை. இன்று மேற்கு மாநிலங்களின் நெடுஞ்சாலைகளில் மணிக்கு 75 மைல், 80 மைல் என்று வாகனங்கள் பாயும்போது, அதே வண்டி ஏற்றங்களில் மூச்சிரைத்து வலது ஓரத்தில் ஒதுங்க வேண்டியிருக்கிறது. பழுது பார்த்து, பெயின்ட் அடித்து, புத்தம்புதிதாக்கிய வண்டிக்கும் அது பிறந்த சாலையைத் திருப்பித் தர முடியாது. ஆகவே தினமும் நெடுஞ்சாலையில் வெகுதூரம் போய்வரும் ஒருவர் 1985இன் புகழுக்காக அதை வாங்குவது தவறான முடிவு. 1986க்குப் பிந்தைய நான்கு சிலிண்டர் 22ஆர்இ வண்டி அவருக்கு எல்லா வகையிலும் மேலானது, விலையும் பெரும்பாலும் குறைவு. 1988 முதல் விருப்பத் தேர்வாகக் கிடைத்த மூன்று லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜினை, அதன் ஹெட் கேஸ்கெட் பழுதாவது பரவலாக அறியப்பட்ட ஒன்றாதலால், அவர் தவிர்ப்பது நல்லது.

அமெரிக்க எல்லையைத் தாண்டினால் இந்த வாதம் முழுவதும் இடம் மாறுகிறது. ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா உள்ளிட்ட சந்தைகளில் முழு முன் அச்சும் கமான் பட்டைகளும் கொண்ட ஹைலக்ஸ் 1997 வரை தொடர்ந்து விற்கப்பட்டது. சுரங்கத் தடங்களும் கால்நடைப் பண்ணைகளும் செப்பனிடப்படாத நெடுந்தொலைவுப் பாதைகளும் கொண்ட நிலப்பரப்புகளில் வாங்குவோர் கேட்டது வேறு. கம்பெனியும் அதையே கொடுத்தது. அமெரிக்காவில் 1985க்குப் பின் காலாவதியானதாக முடிவுகட்டப்பட்ட ஒரு பாகம், அதே கம்பெனியின் அதே பெயருள்ள வண்டியில், வேறொரு கண்டத்தில் மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தது என்றால், காலாவதி என்பது பாகத்தின் இயல்பன்று, சந்தையின் தீர்மானம். ‘கடைசி ஆண்டு’ என்ற பெருமையும் அவ்வாறே ஒரு நாட்டின் விற்பனைப் பட்டியலுக்கு உட்பட்டது. ஆஸ்திரேலியாவில் இதே கேள்வியைக் கேட்பவருக்கு 1985 என்ற எண்ணில் தனிப்பொருள் எதுவும் இல்லை.

அமெரிக்காவிலேயேகூட அந்த முடிவை ஏற்காதவர்கள் ஏராளம். 1986க்குப் பிந்தைய வண்டியின் முன்பக்கத்தை அறுத்தெடுத்துவிட்டு, கைவிடப்பட்ட பழைய வண்டியொன்றின் முழு அச்சைக் கொண்டுவந்து பற்றவைத்துப் பொருத்துவது அங்குள்ள பட்டறைகளில் பல பத்தாண்டுகளாக நிலைபெற்றுவிட்ட வேலை. எதிர்த்திசையிலும் பாகங்கள் பயணிக்கின்றன: பழைய வண்டிகளின் ஸ்டியரிங் அமைப்பு வில்லின் அசைவோடு சேர்ந்து இழுபடும் குறையுடையது என்பதால், 1986க்குப் பிந்தைய வண்டியின் ஸ்டியரிங் பெட்டியை எடுத்து 1985 சேஸிஸில் பூட்டுகிறார்கள், அந்த வண்டிகளின் ஏறத்தாழ மூன்று அங்குலம் அகன்ற பின் அச்சையும் சேர்த்துக்கொள்பவர்கள் உண்டு, 1982 வரை இருந்த இரட்டைச் சங்கிலியைப் பிந்தைய இன்ஜினுக்குள் இறக்குகிறார்கள். இவ்வாறு உருவாகும் வண்டி எந்த மாடல் ஆண்டைச் சேர்ந்தது என்று பதிவுப் புத்தகம் சொல்லலாம், இரும்பு சொல்லாது. தொழிற்சாலையிலிருந்து வந்தபோதும் நிலைமை முற்றிலும் வேறாக இருந்ததில்லை: இறக்குமதிச் சரக்கு வண்டிகள்மீது 1964 முதல் விதிக்கப்பட்ட 25 சதவீத வரியைத் தவிர்க்கும் பொருட்டு எழுபதுகளில் ஓட்டுநர் அறையும் சேஸிஸும் மட்டும் கப்பலேறி வர, சரக்குப் பெட்டி கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் செய்யப்பட்டுப் பொருத்தப்பட்டது, 1980இல் அந்த வரிச்சலுகை மூடப்பட்டது.

எஞ்சியிருப்பது துரு. இந்த வண்டிகளின் பெருங்குறை இன்ஜினோ அச்சோ அல்ல, தகடும் சேஸிஸும்தான். அமெரிக்காவின் வடகிழக்கிலும் பேரேரிப் பகுதிகளிலும் குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையில் கொட்டப்படும் உப்பு, சேற்றோடு சேர்ந்து சேஸிஸின் மூடிய பகுதிகளுக்குள் புகுந்து தங்கி, வெளியே பெயின்ட் மின்னிக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்து இரும்பைத் தின்றுவிடுகிறது. சரக்குப் பெட்டிக்கு அடியில், பின் கமான் பட்டைகள் தொங்கும் கொக்கிகளைச் சுற்றி, சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டிய இடத்தில் மந்தமான சத்தம் வந்தால், அந்த வண்டியின் ஆண்டைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. அரிசோனா, நெவாடா போன்ற வறண்ட மாநிலங்களில் வாழ்ந்த வண்டியில் வெயில் டாஷ்போர்டை வெடிக்கவைத்திருக்கும், இருக்கைகளைக் கிழித்திருக்கும், பெயின்டை வெளுக்கவைத்திருக்கும், அவையெல்லாம் மாற்றக்கூடியவை. தேய்ந்த இன்ஜினைப் புதுப்பிக்கலாம். உடைந்த பிர்ஃபீல்டுக்கு இன்னும் உறுதியான உலோகத்தில் செய்த மூட்டு கிடைக்கிறது. சங்கிலி, கேஸ்கெட், பேரிங் எல்லாம் இன்றும் கடைகளில் விற்கின்றன. அரித்துப்போன சேஸிஸுக்கு மட்டும் நேர்வழியான மாற்று இல்லை.

பாறையிலும் செங்குத்துச் சரிவிலும் வண்டியை ஓட்ட விரும்புபவர் 1985 மாடலைத் தேடுவது சரியே: அடையாளக் குறியீட்டின் பத்தாம் இடத்தில் எஃப், இன்ஜின்மேல் எரிபொருள் தெளிப்பு, முன்னால் முழு அச்சு, அடியில் துருவற்ற சேஸிஸ் என்ற நான்கும் ஒன்றுகூடிய வண்டி கிடைத்தால், கேட்கும் விலை சற்று மிகுதியாயினும் தயங்க வேண்டியதில்லை. அந்த நான்கில் ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டுமானால் முதலில் எஃப் எழுத்தையும், அடுத்து எரிபொருள் தெளிப்பையும் விட்டுவிடலாம். இருப்பவற்றைக் கொண்டு இரண்டையும் ஈடுகட்ட வழியுண்டு. உப்பரித்த 1985 வண்டியும், பாலைவனத்தில் நின்று வெளுத்த 1982 வண்டியும் ஒரே விலைக்கு வந்தால் வாங்க வேண்டியது 1982 வண்டியையே.